பூங்காவனம் குனிந்த மூன்று நாள்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் ஏழாம் மாடி மைதிலியிடம் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு கிளைத் தெருவில் இருக்கும் பூங்காவனம் அடுக்ககம், தன் பன்னிரண்டு மாடியும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும், தொட்டிக்கு மேலே எரிகிற சிவப்பு விளக்கும், உள்ளே குடியிருந்த அத்தனை குடும்பங்களும், அவர்கள் அடுப்பில் வெந்துகொண்டிருந்த அத்தனை இட்லியும் சேர, ஒரு செவ்வாய்க்கிழமை காலை தெருவோரத்தில் மண்டியிட்டது. மண்டியிட்டது மந்திரிக்கும் அல்ல, மகானுக்கும் அல்ல. சங்கராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ் ஏறி வந்த, இன்னும் இரண்டு வயது நிரம்பாத, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்கு.

செம்பா என்றும் செழியன் என்றும் அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர். ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள், செம்பா கொஞ்சம் முந்திக்கொண்டவள். பெற்றவள் அஞ்சலாட்சி, ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். இரட்டைப் பிள்ளை பெற்றதிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது என்று ஊரில் பேச்சு. வெறும் கையோடு கடைக்குப் போனாலும் இரண்டு இடுப்பிலும் பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரி தோளை அகட்டிக்கொண்டுதான் போவாள், எதிரே யார் வந்தாலும் அவர்கள்தான் ஒதுங்க வேண்டும். அவள் புருஷன் அய்யனாரப்பன் கொத்தனார், சென்னையில் வேலை. ஆறடிக்குக் குறையாத ஆள், யாருக்கும் குனியாத ஆள். எஞ்சினியர் வந்தால் மற்றவர்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், இவன் கையில் இருக்கிற, சாந்து பூசும் கரணையைக்கூடக் கீழே வைக்க மாட்டான். ஊர்த் தேரின் வடம் பிடிக்கும்போதுகூட மற்றவர்கள் முன்னால் சாய்ந்து இழுக்க, இவன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இழுப்பான். அந்த நிமிர்வைப் பார்த்துத்தான் அஞ்சலாட்சி தாலிக்குக் கழுத்தை நீட்டினாள், அதில் அவளுக்கு இன்றைக்கும் பெருமைதான்.

பிள்ளைகள் பிறந்து தொட்டில் போட்ட கையோடு அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். அதன்பிறகு அவர்கள் தவழ்கிற காலத்தில் ஒரு முறை வந்தான், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஃபோனில் வருவான். கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தை முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, "பாரு செம்பா, நம்ம பில்டிங்கு! பாருடா செழியா, இன்னைக்கு நாலாவது மாடி ஏறிடுச்சி!" என்று காட்டுவான். பிள்ளைகள் ஃபோனைப் பிடுங்கி எச்சில் வழிய முத்தம் கொடுப்பார்கள். அதனால் வந்த வினை, பேச்சு வந்ததும் அவர்கள் ஃபோனையே "ப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஃபோனுக்குச் சார்ஜ் போட்டால் அப்பா சாப்பிடுகிறார். ஃபோன் கீழே விழுந்தால் அப்பாவுக்கு அடிபட்டுவிட்டது என்று இரண்டும் சேர்ந்து அழும். ஊரார் சிரித்தார்கள், அஞ்சலாட்சியும் சிரித்தாள், ஆனால் படுக்கும்போது ஃபோனைத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அதனால்தான் அங்கன்வாடியில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு அவள் கிளம்பியது. கடற்கரை பார்க்கவோ, துணிக்கடை பார்க்கவோ அல்ல. இந்த மூன்று நாளுக்குள் பிள்ளைகள் இரண்டும் அப்பன் கைக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இப்போது போகாவிட்டால் அப்புறம் அவன் பண்டிகைக்கு வந்து போகிற விருந்தாளியாகவே நின்றுவிடுவான் என்று அவளுக்குப் பயம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தால் அதை மஞ்சள் துணியில் முடிந்து சொந்த வீட்டு வாசற்படிக்குக் கீழே புதைப்பது அவர்கள் வழக்கம். கொடி எந்த வாசலில் இருக்கிறதோ அந்த வாசல் பிள்ளையை மறக்காது என்பார்கள். அய்யனாரப்பனுக்குச் சொந்த வீடு இல்லை, இருந்தது அஞ்சலாட்சியின் அண்ணன் வீட்டு ஒற்றை அறை. மச்சான் வீட்டு வாசலில் தன் பிள்ளைகளின் கொடியைப் புதைக்க அவனுக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு முடிச்சையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டான். வந்த அன்றைக்குப் பூங்காவனத்துக்கு அடித்தளத்துத் தூணில் காங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் யோசித்தான், பிறகு இரண்டு முடிச்சையும் உள்ளே போட்டான். ஃபோனில் விஷயம் கேட்ட அஞ்சலாட்சி கத்தித் தீர்த்துவிட்டாள்.

"உனுக்கு கிறுக்கு புடிச்சிருக்கா? ஊரான் வூட்டு அஸ்திவாரத்துல போயி எம் புள்ளைங்க கொடிய போட்டுட்டு வந்து நிக்கிற!"

"ஊரான் வரப்போ வரட்டும்," என்றான் அவன். "நான் கட்டுற வரைக்கும் அது என் வூடு."

இந்தத் தவறை வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான். செய்தாயிற்று, காங்கிரீட்டும் இறுகியாயிற்று.

திங்கட்கிழமை சாயங்காலம் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கினார்கள். ஒரு பிள்ளையை இடுப்பிலும், ஒரு பிள்ளையைச் சேலைத் தலைப்பில் முடிந்தும், தோளில் ஒரு பையும், பல்லில் கடித்த ஒரு பையுமாக அஞ்சலாட்சி இறங்கினாள். பிள்ளைகள் பஸ்ஸில் கண்டக்டரின் விசிலைக் கேட்டு அழுது, வாங்கிக்கொடுத்த முறுக்கு ஆளுக்கொன்று இருந்தும் மற்றதன் கையில் இருக்கிற முறுக்குதான் வேண்டுமென்று புரண்டு, விக்கிரவாண்டி தாண்டி ஒருவர் மேல் ஒருவர் வாந்தி எடுத்து, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அய்யனாரப்பன் புதுச் சட்டையும் கையில் இரண்டு பலூனுமாக நின்றிருந்தான். பிள்ளைகள் நடப்பதை அவன் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அஞ்சலாட்சிக்கு ஒரே பெருமை, ஏதோ அந்த நாலு காலையும் அவளே கடைந்து எடுத்த மாதிரி.

"வாடா எங் கண்ணு! வாடி எந் தங்கம்!" என்று அவன் அந்த உயரத்திலிருந்து இரண்டு கையையும் இறக்கினான்.

வீறிட்டார்கள் பாருங்கள், பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. செம்பா அம்மா காலைக் கட்டிக்கொண்டாள். செழியன் அழுதுகொண்டே அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த ஃபோனைக் கை காட்டி, "ப்பா! ப்பா!" என்றான். அய்யனாரப்பன் உரக்கச் சிரித்தான். ஃபோனை எடுத்துக் கொடுத்தான். பிள்ளைகள் அதற்கு மாறி மாறி முத்தம் கொடுத்தார்கள். அவன் பைகளைத் தூக்கிக்கொண்டு, சுமை தூக்க வந்த ஆள் போல, பத்தடி தள்ளி நடந்தான். அந்தச் சிரிப்பு சிரிப்பில்லை என்று அஞ்சலாட்சிக்குத் தெரியும், ஆனால் நடுத்தெருவில் என்ன சொல்ல முடியும்?

அவன் இப்போது வேலை செய்கிற புதுக் கட்டடத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் அவன் மெல்லச் சொன்னான், "நாளைக்குக் காலையில நம்ம பில்டிங்க காட்டறேன். அதைப் பார்த்தா புள்ளைங்க என்னைத் தெரிஞ்சிக்கும்."

மறுநாள் காலை பூங்காவனத்தின் வாசலில் போய் நின்றார்கள். பூங்காவனம் என்றுதான் பேர், ஒரு செம்பருத்திச் செடிகூட இல்லை. காவலாளி இருதயராஜ் நல்ல மனிதர், ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

"வேலை நடக்கையில உள்ள வந்தீங்க, போனீங்க, சரி தம்பி. இப்ப குடி வந்தாச்சு. யார் வீட்டுக்குன்னு சொல்லணும். யார் வீட்டுக்கு?"

யார் வீட்டுக்கென்று சொல்ல முடியும்? பன்னிரண்டு மாடியிலும் அய்யனாரப்பன் கை படாத சுவர் ஒன்றுகூட இல்லை, போய் நிற்க ஒரு வீடு இல்லை. அவன் தெருவின் எதிர்ப்பக்கம் வந்தான். "பரவால்ல, இங்கேருந்தே பாக்கலாம்," என்றான். கை நீட்டிக் காட்டினான். "அதோ பாரு, ஏழாவது மாடி, ஓரத்து பால்கனி. அந்த வளைவு நான் பூசினது. அதுக்கு மேல..."

பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். சின்னக் கழுத்து, பெரிய கட்டடம். அண்ணாந்த வேகத்தில் இரண்டும் பின்னால் சாய்ந்து பொத்தென்று உட்கார்ந்தன. உட்கார்ந்தபடியே பார்த்தன. தினம் சாயங்காலம் ஃபோனில் வருகிற அதே சுவர், அதே வளைவு, அதே சிவப்பு விளக்கு. செம்பாவின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து, இடுப்பில் ஏறுவதற்கு எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"ப்பா. தூக்கு!"

செழியனும் கையைத் தூக்கினான். "தூக்கு!"

பூங்காவனம் குனிந்தது. முதலில் கடகடவென்று ஒரு சத்தம், ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுகிறவர்களுக்கு முழங்காலில் நெட்டி முறிகிற மாதிரி. பிறகு அது முன்பக்கத் தூண்களை மடக்கி, தொழுவத்து மாடு படுப்பது போல, அவசரமில்லாமல், யாருக்கும் அடிபடாமல், மின்கம்பியை ஒதுக்கிவிட்டு, தெருவுக்குக் குறுக்கே தலையைத் தாழ்த்தி, ஏழாம் மாடி ஓரத்து பால்கனியைக் கொண்டுவந்து பிள்ளைகளின் முட்டிக்கு நேரே நிறுத்தியது. தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தளும்பி இருதயராஜின் தொப்பியில் விழுந்தது, சேதம் அவ்வளவுதான். பால்கனிக் கம்பியின் கீழ்ச்சந்தில் செம்பாவும் செழியனும் தலையை நுழைத்து, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கட்டடம் அவர்களைத் தூக்கிக்கொண்டு மெல்ல எழுந்து நின்றது.

அஞ்சலாட்சி அலறிய அலறலில் இருதயராஜ் யார் வீட்டுக்கென்று கேட்க மறந்து கேட்டை அகலத் திறந்துவிட்டார். இப்படித்தான் அய்யனாரப்பன் தான் கட்டிய வீட்டுக்குள் முதல் தடவையாகத் தலைவாசல் வழியாக, லிஃப்டில், பெண்டாட்டியோடு போனான்.

ஏழாம் மாடியில் மைதிலி கதவைத் திறந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், காதில் மாட்டிய கருவியோடு அமெரிக்காக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். "சாரி, எங்க பில்டிங் கொஞ்சம் குனிஞ்சுது, அதான் நான் சாய்வாத் தெரிஞ்சேன்," என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, இவர்களைப் பார்த்து, "உங்க குழந்தைங்களா? வாங்க வாங்க, நல்லா விளையாடுறாங்க, காபி குடிப்பீங்க இல்ல?" என்றாள்.

காபி வந்தது. அய்யனாரப்பன் சோபாவின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தான். மைதிலி சுவரைத் தட்டிக் காட்டி, "இதுல ஒரு ஆணி அடிக்கறதுக்குள்ள ரெண்டு டிரில்லிங் மெஷின் போச்சு தெரியுமா?" என்று அலுத்துக்கொண்டாள். அவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம், நெஞ்சு இன்னும் ஒரு சுற்று விரிந்தது. ஆனால் பால்கனியில் செம்பாவும் செழியனும் அவன் பூசிய வளைவின் மேல் கன்னத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, "ப்பா, ப்பா," என்று சுவருக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அய்யனாரப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். தான் கட்டிய சுவரைப் பார்த்துப் பெருமைப்படுவதா பொறாமைப்படுவதா என்று அந்த மனிதனுக்குத் தெரியவில்லை, அதைப் பார்த்த அஞ்சலாட்சியும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஒரு தடவை குனிந்தது. மறுநாள் காலை ஒரு தடவை, மத்தியானம் பிள்ளைகள் தூங்கி எழுந்து வந்ததும் ஒரு தடவை. குடியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். முதல் தடவை கத்தினார்கள், இரண்டாம் தடவை வாட்ஸப் குழுவில் சண்டை போட்டார்கள், மூன்றாம் தடவைக்குப் பழகிக்கொண்டார்கள். ஃபிரிட்ஜைப் பழைய சேலையால் ஜன்னல் கம்பியோடு கட்டினார்கள். தெருமுனையில் ஒருவர் வைக்கோல் பிரிமணை கொண்டுவந்து விற்றார். ஒரு காலத்தில் பானைக்கு அடியில் வைத்த அந்த வளையத்தைக் குக்கருக்கு ஒன்று, சாமி விளக்குக்கு ஒன்று, மீன் தொட்டிக்கு ஒன்று என்று வாங்கிப் போனார்கள். பத்தாம் மாடியில் ஒரு கல்யாணமாகாத பையன் கட்டடம் குனியும்போதெல்லாம் தன் அறையிலிருந்து சமையலறைக்குச் சறுக்கிக்கொண்டே போய்க் காபி போட்டுக்கொண்டான். இரண்டாம் மாடியில் ஒருவருக்கு வருஷக்கணக்கில் பிடித்திருந்த கழுத்து சுளுக்கு விட்டுப்போயிற்று.

குடியிருப்போர் சங்கத் தலைவர் அனந்தகிருஷ்ணன் சட்டம் தெரிந்தவர், ஓய்வுபெற்ற அதிகாரி, எதையும் லேசில் விடுகிறவர் அல்ல. பொறியாளர் ஒருவரை வரவழைத்தார். பொறியாளர் ரசமட்டம் வைத்துப் பார்த்தார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், அடித்தளத்துத் தூண்களை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மயிர்க்கோடு விரிசல் இல்லை. "யாரு சார் கட்டினது?" என்றார். அனந்தகிருஷ்ணன் விறைப்பாக நிமிர்ந்து, "எங்க அய்யனாரப்பன்," என்றார். முந்தின நாள் வரைக்கும் அவருக்கு அந்தப் பெயரே தெரியாது, ஆனாலும் அந்த 'எங்க' அவர் வாயில் அத்தனை இயல்பாக வந்தது.

அதிலிருந்து பூங்காவனத்துக்காரர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. மளிகைக் கடையில், மீன் கடையில், பள்ளிக்கூட வேன் நிற்கும் இடத்தில், "எங்க பில்டிங் கொழந்தைங்களுக்குக் குனியும், தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். எதிர்த்த அடுக்ககத்துக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்களும் தங்கள் பிள்ளைகளுக்குப் பவுடர் போட்டுத் தெருவில் வரிசையாக நிறுத்திக் கை தூக்கச் சொன்னார்கள். அந்தக் கட்டடம் சுவரில் எறும்பு ஊர்ந்த மாதிரிகூட அசையவில்லை. "எங்களோடது பதினாலு மாடி, அது எதுக்குக் குனியணும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அஞ்சலாட்சி தெருவில் நடந்தால் பால்கனிக்கு பால்கனி கை அசைந்தது. "ட்வின்ஸ் அம்மா" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவளும் தோளை இன்னும் கொஞ்சம் அகட்டிக்கொண்டு நடந்தாள், பொய் சொல்வானேன். ஆனால் உள்ளுக்குள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அய்யனாரப்பன் வேலைக்குப் போகாமல் பிள்ளைகள் பின்னாலேயே அலைந்தான். பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். அலை வந்தால் பிள்ளைகள் அம்மா காலைத்தான் பிடித்தார்கள். பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். பஞ்சு மிட்டாயை வாங்கிக்கொண்டு கையைத் தள்ளிவிட்டார்கள். ஓடும் குதிரை, பறக்கும் விமானம், குரங்கு சேஷ்டை எல்லாம் செய்து காட்டினான். ஆறடி உயரத்தில் நின்றுகொண்டு அவன் செய்த சேஷ்டையைப் பிள்ளைகள் மர உச்சியில் ஏதோ நடப்பதைப் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்த்தார்கள். சாயங்காலம் பூங்காவனத்துக்குத் திரும்பியதும் ஓடிப்போய்ச் சுவரைக் கட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஊருக்குப் பஸ். பைகளை அய்யனாரப்பன் தோளில் மாட்டிவிட்டு, பிள்ளைகளை முகம் கழுவிப் பொட்டு வைத்துக் கூட்டிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று பூங்காவனத்து வாசலுக்கு வந்தாள் அஞ்சலாட்சி. பிள்ளைகள் கையைத் தூக்கவில்லை, தூக்கு என்று கேட்கவும் இல்லை, வெறுமனே டாட்டா காட்டினார்கள். கட்டடம் தானாகவே குனிந்தது. குனிந்தது மட்டுமல்ல, குனிந்தபடியே இருந்தது.

பிள்ளைகள் போய் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். அஞ்சலாட்சி இழுத்தாள். "ப்பா! ப்பா!" என்று இரண்டும் கதறின. செம்பாவின் விரல் நகம் சுவரைப் பிறாண்டியது. ஒரு பிள்ளையைப் பிரித்து எடுப்பதற்குள் இன்னொன்று ஒட்டிக்கொண்டது. பால்கனிகளில் எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள். அரை மணி ஆயிற்று, கட்டடம் எழவில்லை. பிரிமணையில் இருந்த குக்கர்கள் லேசாக நகர ஆரம்பித்தன. மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார்.

அனந்தகிருஷ்ணன் சாய்ந்த படிக்கட்டில் சாய்ந்தே இறங்கி வந்தார். கைகூப்பினார்.

"அம்மா, நீங்க போயிட்டா இது எழுந்திருக்காது போலிருக்கு. நாங்க பேசிட்டோம். கீழ ஒரு ரூம் காலியா இருக்கு, நீங்க எல்லாரும் இங்கயே இருந்துடுங்க. குழந்தைங்க வளரட்டும். எங்களுக்கும் பெருமை."

ஒரு நிமிஷம் அஞ்சலாட்சிக்கு மனசு ஊசலாடத்தான் செய்தது. சென்னையில் அறை, லிஃப்டு, ட்வின்ஸ் அம்மா என்கிற பட்டம், ஊரில் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் இருந்துவிட்டால் பிள்ளைகள் இந்தச் சுவரையே அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு வளரும், சுவரைக் கட்டியவன் பை தூக்குகிற ஆளாகவே நிற்பான். அவள் திரும்பிப் பார்த்தாள். அய்யனாரப்பன் தெருவின் எதிர்ப்பக்கம், முதல் நாள் நின்ற அதே இடத்தில், விளக்குக் கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது, அது கீழே விழாமலிருக்க முகத்தை இன்னும் உயர்த்தி வைத்திருந்தான்.

அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு அவனிடம் போனாள்.

"ஏன்யா," என்றாள், "அது குனிஞ்சிது. நீ குனிஞ்சியா?"

அவன் புரியாமல் பார்த்தான்.

"வந்த நாள்லருந்து பாக்கறேன். வாடா வாடான்னு மேலேருந்து கூப்புடற. அதுங்களுக்கு உன் முட்டிதான் தெரியுது, மூஞ்சி எங்க தெரியுது? அம்மாம் பெரிய பில்டிங்கு, உள்ள அவ்வளவு சனத்த வெச்சிக்கினு மண்டி போட்டுச்சி. உனுக்கு இன்னா கொறஞ்சி பூடும்?"

தெரு முழுக்கக் கேட்டது. இருதயராஜ் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அய்யனாரப்பன் பைகளை இறக்கி வைத்தான். தெருவைக் கடந்து வந்தான். கட்டடத்துக்குப் பக்கத்தில், அது எந்தப் பக்கம் பார்த்துக் குனிந்திருந்ததோ அதே பக்கம் பார்த்து, மேஸ்திரிக்கும் எஞ்சினியருக்கும் தேருக்கும் குனியாத அந்த ஆள், மண்டியிட்டான். அவன் முழங்காலில் கடகடவென்று நெட்டி முறிந்தது. அது கட்டடத்துச் சத்தமேதான், அளவு மட்டும்தான் சின்னது. முதுகை வளைத்தான், தலையைத் தாழ்த்தினான், பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே தன் கண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினான். வாடா என்று கூப்பிடவில்லை.

செழியன்தான் முதலில் திரும்பினான். சுவரைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான். கிட்டே வந்தான். ஃபோனில் தினம் சாயங்காலம் தெரிகிற அதே முகம், அதே மீசை, அதே தழும்பு, அதே அளவில், அதே உயரத்தில் இருந்தது. விரலால் மீசையைத் தொட்டான். செம்பாவும் வந்தாள், அவள் மூக்கைத் தொட்டாள். பிறகு இருவரும் ஒன்றும் அவசரமில்லாமல், பின்னால் ஓரடி தள்ளி, இரண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார்கள்.

"ப்பா," என்றாள் செம்பா. "தூக்கு."

அவன் தூக்கினான். ஒரு பக்கம் ஒன்று, இன்னொரு பக்கம் ஒன்று. அவன் எழுந்தான், அவன் எழ எழப் பக்கத்தில் பூங்காவனமும் எழுந்தது, அவன் முதுகு நிமிர நிமிர அதன் முதுகும் நிமிர்ந்தது, குக்கர்கள் தத்தம் இடத்துக்கு வந்தன, ஊஞ்சல் நேரானது. பன்னிரண்டு மாடி பால்கனியிலும் நின்றவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தாலி ஏறின மாதிரி கைதட்டினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பொறியாளர் மறுபடி வந்து அளந்தபோது கட்டடம் பழைய உயரத்தைவிட ஒரு விரற்கடை கூடியிருந்தது. அய்யனாரப்பனை யாரும் அளக்கவில்லை. அஞ்சலாட்சி மட்டும் கண்ணாலேயே அளந்துகொண்டாள், அவளுக்குத் தெரியும்.

பஸ் நிலையம் வரைக்கும் பிள்ளைகள் அவன் தோளைவிட்டு இறங்கவில்லை. பஸ் கிளம்பப் போகிற நேரம், "வாடா, அம்மாகிட்ட வா," என்று அவள் கை நீட்டினாள். செழியன் அவன் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். செம்பா அம்மாவின் கையைத் தட்டியே விட்டாள்.

"பார்றா, பத்து மாசம் சுமந்தவளுக்கு இந்த மரியாதை!" என்றாள் அஞ்சலாட்சி. கோபப்பட்ட மாதிரி சொல்லத்தான் பார்த்தாள், வாய் காதுவரை போய்விட்டது.

"நானும் வரேன் அஞ்சல," என்றான் அவன். "இதுங்கள எறக்கி உட்டுட்டு எப்பிடிப் போவ முடியும்?"

"மேஸ்திரிக்குச் சொல்லலியே?"

"சொல்லிக்கலாம்."

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது, மேஸ்திரிதான். செம்பா அதை உருவி எடுத்தாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். முத்தம் கொடுக்கவில்லை. "ஃபோனு," என்று சொல்லி, வேண்டாத சாமானைக் கொடுப்பது போல அம்மா கையில் கொடுத்துவிட்டாள். அந்தச் சொல்லை அவள் சொல்லி அஞ்சலாட்சி கேட்டது அதுதான் முதல் தடவை.

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் வந்து, "எத்தினி டிக்கெட்டும்மா?" என்றார்.

அஞ்சலாட்சி தோளை அகட்டி உட்கார்ந்தாள்.

"ரெண்டு முழு டிக்கெட்டு," என்றாள். "புள்ளைங்கள அவுங்க அப்பா மடியில வெச்சிக்குவாரு."